இரண்டு கோடியும் இருபது லட்சமும்

(கால்நடை இனப்பெருக்கத்தில் உறைவிந்துத் தேர்வு முறைகள் பற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புதுக்கோட்டை மாவட்டத்தின் 13 ஒன்றியங்களில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் இந்த வரிசை மாறுவதில்லை. இரவெல்லாம் மாடு கத்துகிறது. கண்ணாடி போல வழும்பு தொங்குகிறது. பொழுது விடிந்ததும் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போகிறார்கள். அல்லது டாக்டர் வீட்டுக்கு வருகிறார். சினை ஊசி போட்டாயிற்று. இருபத்தோராம் நாள் மாடு மறுபடியும் கத்துகிறது. மூன்று முறை இப்படி நடந்துவிட்டால் அந்த மாட்டுக்குச் 'சினை நிற்காத மாடு' என்று பெயர் விழுந்துவிடும். அடுத்து அது நிற்கப்போவது சந்தையில். நெல் முளைக்காவிட்டால் நிலத்தை மட்டும் குறை சொல்லும் உழவர் எவரும் இல்லை. விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்து, நூற்றுக்கு எத்தனை முளைவிட்டது என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் நாற்றங்காலில் தூவுகிறார்கள். மாட்டு விஷயத்தில் மட்டும் விதையைக் கேள்வி கேட்கும் வழக்கம் நம்மிடம் வரவில்லை. செயற்கைக் கருவூட்டலில் நாட்டின் சராசரிச் சினைப்பிடிப்பு நூற்றுக்கு 35 என்ற அளவில்தான் இருக்கிறது என்று மத்திய அரசே சொல்லி வந்திருக்கிறது. மீதமுள்ள 65 முறையும் பழி மாட்டின் தலையில் விழுகிறது.

உறையவைத்து உருக்கிய விந்திலிருந்து நல்ல விந்தணுக்களை மட்டும் பிரித்தெடுக்க ஆய்வகங்களில் இன்று பல முறைகள் இருக்கின்றன. அந்த முறைகள் என்ன செய்கின்றன, எதைச் செய்ய இயலாது, புதுக்கோட்டை போன்ற வறண்ட மாவட்டத்தில் அவற்றுக்கு எங்கே இடம் என்பதே இன்றைய பேச்சு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விந்தணுத் தேர்வு எவ்வளவு நுட்பமாகிறதோ, அவ்வளவுக்குக் கையாளும் இடத்தில் பிழை செய்வதற்கான இடம் சுருங்குகிறது. ஆகவே தேர்ந்தெடுத்த விதையைக் கொண்டுவரும் மாவட்டம், அந்த விதை தன் கைக்கு வந்தபோது உயிரோடு இருந்ததா என்று சோதிக்கும் ஆற்றலையும் கூடவே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் உறைவிந்துக் குச்சி எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். ஒரு பொலிகாளை ஒரு முறை தரும் விந்து சுமார் 5 மில்லி. ஒரு மில்லியில் ஏறத்தாழ 100 கோடி விந்தணுக்கள் இருக்கும். இந்தியாவில் விந்து உற்பத்தி நிலையங்களுக்கென வகுக்கப்பட்ட குறைந்தபட்சத் தர நெறிமுறைப்படி ஒரு குச்சியில் 2 கோடி விந்தணுக்கள் இருக்க வேண்டும். அப்படியானால் ஒரு முறை எடுத்த விந்திலிருந்து சுமார் 250 குச்சிகள். முட்டை மஞ்சள் கருவும் கிளிசராலும் சேர்ந்த கரைசலில் விந்தை நீர்த்து, கால் மில்லி கொள்ளும் மெல்லிய குச்சிகளில் அடைத்து, 4 அல்லது 5 டிகிரியில் சில மணி நேரம் வைத்துப் பழக்கி, நைட்ரஜன் ஆவியில் உறையவைத்து, கடைசியில் மைனஸ் 196 டிகிரித் திரவ நைட்ரஜனில் மூழ்கவைக்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே தஞ்சை மாவட்டத்து ஈச்சங்கோட்டையில் இந்த வேலை நடக்கிறது. ஒசூரிலும் உதகமண்டலத்திலும் நடக்கிறது. இந்த வரலாற்றின் தொடக்கமும் தொலைவில் இல்லை. இந்தியாவில் முதல் செயற்கைக் கருவூட்டல் 1939-ல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத் குமரன் என்ற அறிஞரால் நடத்தப்பட்டது. அப்போது புதிதாக எடுத்த விந்துதான் பயன்பட்டது. உறையவைத்தால் விந்தணுக்கள் செத்துப்போயின. 1949-ல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்ற மூவர், கிளிசரால் சேர்த்தால் உறைந்த விந்தணு உருகிய பின்னும் அசைகிறது என்று கண்டறிந்தார்கள். இன்று உலகின் எந்த மூலையில் இருக்கும் காளையும் இன்னொரு மூலையில் கன்றுக்குத் தகப்பனாக முடிகிறதென்றால் அந்தக் கண்டுபிடிப்புதான் காரணம்.

ஆனால் கிளிசரால் எல்லோரையும் காப்பாற்றுவதில்லை. உருகிய பின் நூற்றுக்கு 50 விந்தணுக்கள் முன்னோக்கி நீந்தினால் போதும் என்கிறது நெறிமுறை. அதாவது பாதி இறந்துபோகும் என்பது கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நீந்தும் பாதியும் காயமின்றி வருவதில்லை. விந்தணுவைச் சுற்றியுள்ள மென்படலம் கொழுப்பால் ஆனது. குளிரில் நெய் உறைவதுபோல அது இறுகி, உருகும்போது இடைவெளி விடுகிறது. அந்த இடைவெளி வழியே சுண்ணாம்புச் சத்து உள்ளே புகுந்து, முட்டையைச் சந்திக்கும்போது நடக்க வேண்டிய மாற்றங்களை முன்கூட்டியே தொடங்கிவைத்துவிடுகிறது. தலைமீதுள்ள அக்ரோசோம் என்னும் தொப்பி கழன்றால், அந்த அணு நீந்தினாலும் முட்டையின் உறையைத் துளைக்காது. இதனால் உறைந்து உருகிய விந்தணுவுக்கு மாட்டின் கருப்பையில் ஆயுள் குறைவு. ஊசி போடும் நேரம் தப்பினால் முட்டை வருமுன் அது ஓய்ந்துவிடும். இன்னொன்றும் உண்டு. இறந்த காளை விந்தணுக்களிலிருந்து வெளிப்படும் ஒரு நொதி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது என்பதை 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டோசிக், வால்டன் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். செத்தவை உயிரோடிருப்பவற்றுக்கு நஞ்சாகின்றன. பிரித்தெடுக்கும் முறைகளுக்கான வலுவான நியாயம் இங்கேதான் பிறக்கிறது.

கேடு எங்கே நேர்கிறது என்பதற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சான்று இருக்கிறது. 1968-ல் உறையவைத்த மெரினோ கிடாக்களின் விந்தை, சிட்னி பல்கலைக்கழகத்தினர் ஐம்பது ஆண்டுகள் கழித்து உருக்கி 56 ஆடுகளுக்குச் செலுத்தினார்கள். 34 ஆடுகள் சினையாயின. அண்மையில் உறையவைத்த விந்துக்கும் ஏறக்குறைய அதே விகிதம்தான் கிடைத்தது. அரை நூற்றாண்டு நைட்ரஜனில் கிடந்ததால் விந்தணுவுக்கு ஒரு குறையும் வரவில்லை. உறையும் சில நிமிடங்களும் உருகும் சில விநாடிகளும்தான் அதன் விதியை எழுதுகின்றன. ஐம்பது ஆண்டு தாங்கும் பொருள், கொள்கலனின் கழுத்துக்கு மேலே குச்சிக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு 'எந்தக் காளை' என்று தேடும் நேரத்தைத் தாங்குவதில்லை. கால் மில்லிக் குச்சி அத்தனை மெல்லியது. காற்றில் பட்ட விநாடிகளிலேயே சூடேறுகிறது. அரைகுறையாகச் சூடேறியதை மறுபடி நைட்ரஜனில் இறக்கினால் உள்ளேயுள்ள நுண்ணிய பனித்துகள்கள் ஒன்றுகூடிப் பெரிதாகின்றன, படலத்தைக் கிழிக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் குச்சி அப்படியே இருக்கும். அதன் மேல் அச்சிட்ட எழுத்தும் அழியாது.

இனித் தேர்வு முறைகள். எத்தனை பெயர்கள் இருந்தாலும் அடிப்படைகள் சிலவே. முதல் அடிப்படை, நீந்தும் திறன். உருகிய விந்தைச் சோதனைக் குழாயின் அடியில் மெதுவாக இறக்கி, மேலே ஊட்டக் கரைசலை நிறுத்தி, மாட்டின் உடற்சூட்டில் ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். வலுவுள்ளவை மேலே நீந்தி ஏறுகின்றன. மேல் பகுதியை மட்டும் உறிஞ்சி எடுத்துக்கொள்கிறார்கள். மிக எளிய முறை. ஆனால் கிடைப்பது கொஞ்சம். இரண்டாவது, அடர்த்தி. சிலிக்கா நுண்துகள் கலந்த பெர்கால் போன்ற திரவத்தை அடியில் 90 சதவீதம், மேலே 45 சதவீதம் என இரு அடுக்காக நிறுத்தி, அதன்மேல் விந்தை ஊற்றி மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றுகிறார்கள். மரபுப்பொருள் நன்றாக இறுகிய, முழுமையடைந்த விந்தணு கனமானது. அது அடுக்குகளைக் கடந்து அடியில் படிகிறது. இறந்தவையும் கரைசலில் இருந்த மஞ்சள் கருத் துணுக்குகளும் மேலேயே தங்குகின்றன. சுளகில் புடைக்கும்போது பதரும் மணியும் பிரிவது போன்றதுதான் இது. நீந்தி ஏறும் முறையைவிட இதில் மீளும் எண்ணிக்கை அதிகம். ஸ்வீடனின் வேளாண் பல்கலைக்கழகத்தில் ஜேன் மாரெல் இதை ஒரே அடுக்காக எளிமைப்படுத்தினார். மூன்றாவது, வடிகட்டல். கண்ணாடி இழைப் பஞ்சு வழியாகவோ செபாடெக்ஸ் என்னும் மணித்துகள் வழியாகவோ விந்தைச் செலுத்தினால் சேதமுற்றவை ஒட்டிக்கொள்கின்றன. எருமை விந்தில் இந்த முறையை நம் நாட்டு ஆய்வகங்கள் நிறையவே ஆராய்ந்திருக்கின்றன. அண்மைக் காலத்து முறை, சாகத் தொடங்கிய அணுவின் மேற்பரப்பில் வெளிப்படும் அடையாளப் பொருளைப் பற்றிக்கொள்ளும் காந்தத் துகள்களைக் கலந்து, காந்தத்தால் அவற்றை இழுத்துவிடுவது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் எல்லை உண்டு. இவை பிரிக்கின்றன, குணப்படுத்துவதில்லை. கிழிந்த படலத்தைத் தைக்கும் முறை எதுவும் இவற்றில் இல்லை. நூறு அணுக்களில் ஐம்பது நல்லவை என்றால் எந்த முறையாலும் அறுபது எடுக்க முடியாது. நடைமுறையில் அந்த ஐம்பதிலும் பெரும்பகுதியை இழந்துதான் மிச்சத்தைப் பெறுகிறோம். ஆக, எண்ணிக்கையைக் கொடுத்துத் தரத்தை வாங்குகிறோம். அந்த வியாபாரம் எங்கே கட்டுபடியாகும் என்பதுதான் கேள்வி.

ஆய்வகக் கருவாக்கத்தில் அது நிச்சயமாகக் கட்டுபடியாகும். கண்ணாடித் தட்டில் முட்டையும் விந்தணுவும் ஒரு துளித் திரவத்தில் சந்திக்கின்றன. கருப்பை வாயும் இல்லை, கருக்குழாயும் இல்லை. இறந்தவற்றைத் தடுத்து நிறுத்த யாருமில்லை. அந்தத் துளியில் கிளிசராலும் மஞ்சள் கருவும் செத்த அணுக்களும் கலந்தால் முட்டை கெடும். அதனால் அங்கே தேர்வு கட்டாயம். 1986-ல் அமெரிக்காவில் பாரிஷ் முதலானோர் உறைந்து உருகிய காளை விந்தைப் பிரித்தெடுத்து, ஹெப்பாரின் என்ற பொருளால் அதைத் தயார்ப்படுத்தி முட்டையைக் கருவாக்கும் வழியைத் தெளிவாக வகுத்தார்கள். 1990-ல் கர்நால் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வகக் கருவாக்கத்தின் மூலம் எருமைக் கன்று பிறந்தது. இந்தத் துறையில் நாம் பிந்தியவர்கள் அல்லர்.

சாதாரணச் சினை ஊசியில் நிலைமை வேறு. மாட்டின் உடலே ஒரு தேர்வுக்கூடம். கருப்பையில் விட்ட விந்தணுக்களில் கருக்குழாயை எட்டுபவை சில ஆயிரங்கள்தான். வழியில் சளித்திரையும், வெள்ளை அணுக்களும், கருப்பையும் கருக்குழாயும் சேரும் குறுகிய வாசலும் ஒவ்வொன்றாகச் சலிக்கின்றன. அப்படியானால் ஆய்வகத்தில் முன்கூட்டியே சலிப்பதால் என்ன ஆதாயம்? அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பணியாற்றிய ரிச்சர்ட் சாக்கே காட்டிய ஒரு பாகுபாடு இங்கே மிகவும் உதவும். விந்தில் உள்ள குறைகளை அவர் இரண்டாகப் பிரித்தார். சில குறைகளை எண்ணிக்கை கூட்டி ஈடுகட்டலாம்: பாதி நீந்தவில்லை என்றால் இரு மடங்கு போட்டால் போதும். வேறு சில குறைகளை எவ்வளவு கூட்டினாலும் ஈடுகட்ட முடியாது: மரபுப்பொருள் சிதைந்த அணு முட்டையைத் துளைத்துவிட்டால் கரு சில நாளில் அழியும், அந்த இடத்துக்கு வேறோர் அணு இனி வர முடியாது. சாதாரணக் குச்சியில் 2 கோடி அணுக்களை அடைப்பதே முதல் வகைக் குறையை ஈடுகட்டத்தான். நீந்தும் திறனைக் கொண்டு தேர்வு செய்யும் முறையும் அதே முதல் வகைக் குறையைத்தான் முதன்மையாகத் தீர்க்கிறது. ஏற்கெனவே எண்ணிக்கையால் மூடிய ஓட்டையைத் தேர்வால் மீண்டும் மூடுவதால் ஆதாயம் சிறிது. அதற்காக இழக்கும் அணுக்களோ அதிகம். எனவே ஒவ்வொரு சினை ஊசிக்கும் முன்னால் விந்தைப் பிரித்தெடுக்க வேண்டும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. கிராமத்துக் கிளை நிலையத்தில் அதற்கு மையவிலக்கு இயந்திரமும் இல்லை, நேரமும் இல்லை.

ஆனால் ஒரு தேர்வு முறை ஏற்கெனவே நம் கிராமங்களுக்கு வந்துவிட்டது. பாலினம் பிரித்த உறைவிந்தைச் சொல்கிறேன். கிடேரிக் கன்று மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு, எக்ஸ் நிறப்புரி கொண்ட விந்தணுக்களை மட்டும் பிரித்துத் தருகிறார்கள். காளையில் எக்ஸ் அணுவுக்கும் ஒய் அணுவுக்கும் மரபுப்பொருள் அளவில் உள்ள வேறுபாடு 3.8 சதவீதம் மட்டுமே. மரபுப்பொருளில் ஒட்டும் சாயத்தை ஏற்றி, அணுக்களை ஒற்றை வரிசையில் லேசர் ஒளியின் முன் ஓடவிட்டு, ஒளிரும் அளவைப் படித்து, துளிக்கு மின்னேற்றம் தந்து இடமோ வலமோ திருப்பிவிடுகிறது கருவி. அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் லாரன்ஸ் ஜான்சன் குழு 1989-ல் முயல்களில் இதைச் சாதித்தது. தமிழ்நாட்டில் உதகமண்டலத்தில் ராஷ்ட்ரிய கோகுல் திட்டத்தின் உதவியோடு இதற்கான கூடம் அமைந்திருக்கிறது. 2024 அக்டோபரில் உள்நாட்டிலேயே உருவாக்கிய பிரிப்புத் தொழில்நுட்பமும் வெளியிடப்பட்டது. விலை குறைந்து இது இன்னும் பல வீடுகளுக்குப் போகும். நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரிக் கன்று என்பது பால் மாட்டை நம்பி வாழும் குடும்பத்துக்குப் பெரிய வரம். நான் இதற்கு எதிரி அல்லன்.

கணக்கை மட்டும் பாருங்கள். பாலினம் பிரித்த குச்சியில் இருப்பவை 20 லட்சம் அணுக்கள். சாதாரணக் குச்சியில் பத்தில் ஒரு பங்கு. சாயம் ஏற்றி, அழுத்தத்தில் பீய்ச்சி, லேசரைக் கடந்து, பிறகு உறைந்து உருகியவை அவை. களைத்து வந்தவை. இப்போது கொள்கலன் கழுத்தில் நேர்ந்த தாமதத்தால் நீந்துபவற்றில் பாதி செத்தன என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் குச்சியில் நீந்தும் 1 கோடி என்பது 50 லட்சமாகக் குறையும். அப்போதும் மாட்டின் தேவைக்கு மிஞ்சியே இருக்கும். பிரித்த குச்சியில் 10 லட்சம் என்பது 5 லட்சமாகக் குறையும். அங்கே மிச்சம் என்று ஒன்று இல்லை. முன்பு எண்ணிக்கை மறைத்துவந்த கைப்பிழை இப்போது வெட்டவெளிச்சமாகிவிடுகிறது. சினை நிற்காவிட்டால் 'புது ஊசி சரியில்லை' என்று ஊர் பேசும். அல்லது மறுபடியும் மாட்டின் மேலேயே பழி விழும். இரண்டு கோடிக்குப் பழகிய கையிடம் இருபது லட்சத்தைக் கொடுக்கும்போது கைப்பழக்கமும் மாறியாக வேண்டும்.

புதுக்கோட்டையில் இது கூடுதல் கவலை. ஏரி, கண்மாய்ப் பாசனத்தையும் வானத்தையும் நம்பிய மாவட்டம் இது, கோடை கடுமை. கொள்கலனில் நைட்ரஜன் மட்டம் இறங்கும் வேகம் கோடையில் கூடுகிறது. ஒன்றிய மருந்தகத்திலிருந்து கிளை நிலையத்துக்கும், அங்கிருந்து இருசக்கர வண்டியில் தொழுவத்துக்கும் குச்சி போகும் ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு சோதனை. உருக்க வேண்டியது 37 டிகிரித் தண்ணீரில் 30 விநாடி. சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீரும் மார்கழி அதிகாலையில் குடத்துத் தண்ணீரும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. வெப்பமானி இல்லாமல் விரலால் தொட்டுப் பார்த்து உருக்குவதும், சட்டைப்பையிலோ கக்கத்திலோ வைத்து உருக்குவதும் விந்தணுவைக் கொல்வதற்கு நிகர். இதைச் சொல்வது களத்தில் நிற்பவர்களைக் குறைகூறுவதற்கல்ல. ஒரே நாளில் பல ஊர் சுற்றி, மாட்டுக்கு வைத்தியமும் பார்த்து, தடுப்பூசியும் போட்டு, பதிவேடும் எழுதும் கால்நடை ஆய்வாளரின் கையில் சரியான கருவியைக் கொடுக்காமல் சரியான விளைவைக் கேட்பது அநியாயம்.

அதனால்தான் தேர்வு முறைகளின் அறிவை வேறொரு வகையில் இங்கே பயன்படுத்தச் சொல்கிறேன். பிரிப்பதற்காக உருவான அறிவைச் சோதிப்பதற்குப் பயன்படுத்துவோம். மாவட்டத் தலைநகரில் ஒரு சிறிய விந்துச் சோதனை அறை போதும். மேடையைச் சூடாக்கும் வசதியுள்ள நுண்ணோக்கி, தண்ணீர்த் தொட்டி, சில சாயங்கள். ஒவ்வொரு மாதமும் சில மருந்தகங்களிலும் கிளை நிலையங்களிலும் இருந்து, முன்கூட்டிச் சொல்லாமல், சில குச்சிகளை எடுத்து உருக்கிப் பார்ப்பது. முதலில் அசைவு. பிறகு அதே விந்தை 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து மறுபடி அசைவு. காயம்பட்டவை இந்த இடைவெளியில் ஓய்ந்துவிடும், நல்லவை நிற்கும். மூன்றாவதாகப் படலச் சோதனை. 1984-ல் ஜெயேந்திரன் முதலானோர் மனித விந்துக்கென வகுத்த இந்தச் சோதனை இன்று கால்நடைத் துறையெங்கும் புழங்குகிறது. சோடியம் சிட்ரேட்டும் ஃபிரக்டோஸும் கலந்த, உடல் திரவத்தில் பாதிச் செறிவே உள்ள கரைசலில் விந்தைக் கலந்தால், படலம் முழுமையாக உள்ள அணு தண்ணீரை உள்வாங்கி வால் சுருண்டுகொள்கிறது. ஓட்டை விழுந்த அணுவின் வால் நீட்டியபடியே கிடக்கிறது. சுருண்டவற்றை எண்ண வேண்டியதுதான். விதையை ஈரத்துணியில் முடிந்து பார்த்த அதே எளிமை. சோதனை ஒன்றுக்கு ஆகும் செலவு, வீணாகும் ஒரு சினைப்பருவத்தில் உழவர் இழக்கும் தீவனச் செலவைவிடக் குறைவு. 2012 முதல் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது; புதுக்கோட்டை எல்லைக்கு மிக அருகில். மரபுப்பொருள் சிதைவு போன்ற கடினமான சோதனைகளை அங்கே அனுப்பலாம். மாணவர்களுக்கும் அது நேரடிப் பயிற்சி.

உற்பத்தி நிலையத்திலேயே இவையெல்லாம் சோதிக்கப்பட்டுத்தானே வருகின்றன, மறுபடி ஏன் என்று கேட்கலாம். சோதிக்கப்படுகின்றன, மத்தியக் கண்காணிப்புக் குழு நிலையங்களுக்குத் தரப்பட்டியலும் இடுகிறது. அந்த வேலையில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தச் சான்று குச்சி நிலையத்தை விட்டுப் புறப்பட்ட நாளுக்கானது. பால் கறந்த வீட்டில் பார்த்த தரம் போதுமென்று விடாமல் சங்கத்திலும் பாலைச் சோதிக்கிறோமே, ஏன்? வழியில் என்ன நடந்தது என்று அறியத்தான். இன்னொரு கேள்வி கொஞ்சம் கனமானது: எத்தனை சோதனை செய்தாலும் ஒரு குச்சி சினை பிடிக்கும் என்று உறுதி சொல்ல முடியுமா? முடியாது. எந்த ஒரு சோதனையும், எல்லாச் சோதனைகளும் சேர்ந்தும்கூட, ஒரு காளையின் சினைத்திறனை முழுவதுமாக முன்னறிவிப்பதில்லை என்பது ஆய்வாளர்கள் ஒத்துக்கொண்ட உண்மை. சோதனை கெட்டதைக் கண்டுபிடிக்கும். நல்லதுக்கு உத்தரவாதம் தராது. ஆனால் ஒரு கிளை நிலையத்துக் குச்சிகள் மூன்று மாதம் தொடர்ந்து தோற்கின்றன, பக்கத்து நிலையத்தில் அதே காளையின் அதே தொகுதிக் குச்சிகள் தேறுகின்றன என்றால், குறை காளையிலும் இல்லை, மாட்டிலும் இல்லை, கொள்கலனில் என்று தெரிந்துவிடும். அதைத் திருத்த ஒரு நாள் போதும். தெரியாமல் இருப்பதுதான் ஆண்டுகளை விழுங்குகிறது.

இந்த மாவட்டத்தில் நிச்சயம் எழும் மற்றொரு மறுப்பு நாட்டு மாடு பற்றியது. ஆண்டின் முதல் வாடிவாசல் பெரும்பாலும் தச்சங்குறிச்சியில் திறக்கும் மண் இது. சினை ஊசிதான் ஜெர்சியைக் கொண்டுவந்து நாட்டு இனத்தை ஒடுக்கியது, அதே ஊசியின் நுட்பத்தைப் பற்றி எங்களிடம் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2021 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஜல்லிக்கட்டில் நாட்டுக் காளைகளை மட்டுமே அனுமதிக்க வேண்டும் என்று உத்தரவிட்டபோது, செயற்கைக் கருவூட்டலை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்றும் குறிப்பிட்டது. இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நல்ல பொலிகாளை உள்ள ஊரில் இயற்கையாகச் சேர்ப்பதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் நல்ல பொலிகாளை எத்தனை ஊரில் இருக்கிறது? கருச்சிதைவு நோய் ஒரு காளை வழியாக ஊர் முழுவதும் பரவும் ஆபத்தும் சிறியதல்ல. ஜெர்சி வந்தது குச்சியின் குற்றமல்ல. குச்சிக்குள் எதை அடைப்பது என்று நாம் எடுத்த முடிவு அது. அதே குச்சியில் புலிக்குளத்தையும் உம்பளச்சேரியையும் அடைக்கலாம், அடைத்தும் இருக்கிறார்கள். 1968-ல் வாழ்ந்த கிடாக்கள் 50 ஆண்டு கழித்துத் தகப்பனாக முடிந்ததென்றால், வாடிவாசலில் பேர் வாங்கி மறைந்த நாட்டுக் காளையின் வழித்தோன்றலும் மறைய வேண்டிய அவசியம் இல்லை.

விந்தணுத் தேர்வு முறைகள் உண்மையிலேயே ஒளிவிடும் இடமும் இதுதான். அரிய இனத்துக் காளை ஒன்றின் குச்சிகள் விரல்விட்டு எண்ணும் அளவே மிஞ்சியிருக்கின்றன என்று வையுங்கள். சினை ஊசியாகப் போட்டால் ஒரு குச்சிக்கு ஒரு வாய்ப்பு. அதிலும் மூன்றில் ஒன்று நின்றால் பெரிது. அதே குச்சியை ஆய்வகத்தில் உருக்கி, அடர்த்தி அடுக்கில் பிரித்து, சிறு துளிகளாகப் பகிர்ந்தால் பல பத்து முட்டைகளுக்குப் போதும். உருவாகும் கருக்களைக் கலப்பினப் பசுக்களிலும் சுமக்கவைக்கலாம். எண்ணிக்கையைக் கொடுத்துத் தரத்தை வாங்கும் வியாபாரம் என்று சொன்னேனே, அது இங்கே கொழுத்த ஆதாயம் தருகிறது. செலவு அதிகம்தான், வீட்டுக்கு வீடு செய்வதற்கல்ல. ஓர் இனத்தின் வேரைக் காக்க அரசும் பல்கலைக்கழகமும் ஏற்க வேண்டிய செலவு அது. ஒரே ஒரு எச்சரிக்கை: புகழ்பெற்ற இரண்டு மூன்று காளைகளின் விந்தை மட்டுமே பெருக்கினால், அடுத்த தலைமுறையில் அண்ணன் தங்கை உறவுக்குள்ளேயே சேர்க்கை நடக்கும், இனம் மெலியும். ஆய்வகத்தில் அணுவைத் தேர்வது எவ்வளவு முக்கியமோ, பல ஊர்களிலிருந்தும் பல காளைகளைத் தேர்வது அதைவிட முக்கியம். வெற்றி பெற்ற காளையோடு, பேர் தெரியாத தொழுவத்துக் காளையின் விந்தும் சேமிப்பில் இருக்க வேண்டும்.

மாடு வளர்ப்போரிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு உறைவிந்துக் குச்சியின் மேலும் காளையின் எண், இனம், உற்பத்தி செய்த நிலையம், நாள் ஆகியவை அச்சாகியிருக்கும். ஊசி போட்டு முடித்ததும் அந்த வெற்றுக் குச்சி தொழுவத்தின் ஓரத்தில் எறியப்படுகிறது. இனி அதைக் கேட்டு வாங்குங்கள். ஊசி போட்ட தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, குச்சியை அதில் சுற்றி வையுங்கள். மாடு மறுபடி கத்தினால் அந்தத் தாளோடு மருந்தகத்துக்குப் போங்கள். அந்த எண் இல்லாமல், எந்தக் குச்சி எங்கே தோற்றது என்பதை எந்த ஆய்வகத்தாலும் கண்டுபிடிக்க முடியாது.